கூடாரம் அடிக்கும் முன் மரக்கிளையைப் பாருங்கள்

ஒரு போட்டோவில் இருந்து தொடங்குகிறேன். சித்திரை விடுமுறைக்குக் கித்துல்கல பக்கம் ஆற்றோரம் கூடாரம் அடித்துத் தங்கப் போன ஐந்து தம்பிமாரில் ஒருவர், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அதைப் போனில் எனக்குக் காட்டினார். ஐவரும் சிரிக்கிறார்கள், பின்னால் நீல நிறக் கூடாரம், அதற்குப் பின்னால் மூங்கில் புதர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்களுடைய தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், மூங்கில் கிளையில், ஒரு சொப்பின் பேக்கும் காய்ந்த புல்லும் சிக்கித் தொங்குகின்றன. யாரும் ஏறிக் கட்டியது இல்லை அது. போன தடவை வந்த வெள்ளம் மாட்டிவிட்டுப் போனது.

"மழையே இல்ல டொக்டர், நிலாகூடத் தெரிஞ்சது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் படுத்திருந்த இடத்தில் மழை இல்லைதான்.

மலைநாட்டில் ஆற்றோரமாக இருக்கிற ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறவன் நான். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் இப்படி யாராவது வருகிறார்கள். சிலரை நடக்க வைத்து அனுப்பியிருக்கிறேன், சிலருக்கு வெளியே வந்து தகப்பனிடம் சொல்லவேண்டி வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, எனக்கும் ஆறு பிடிக்கும்.

கித்துல்கலயையே எடுத்துக்கொள்வோம். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்துக்காக இங்கேதான் மரப்பாலம் கட்டி வெடித்துத் தகர்த்தார்கள், அதன் அடித்தளம் இன்னும் ஆற்றோரத்தில் கிடக்கிறது. கொஞ்சத் தூரத்தில் ஆதி மனிதர்கள் வாழ்ந்த பெலிலென குகை. படகில் சறுக்குகிற கூட்டம் வேறு. ஹற்றனில் இருந்து பஸ் ஏறினால் கினிகத்தேனை வழியாக வளைந்து வளைந்து இறங்கிவிடலாம், ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கும் நடுவில் சந்திக்க வசதியான இடம். எல்லாம் சரி. ஆனால் அந்த ஆற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் மேலே சேர்ந்துதான் களனி கங்கையாக இங்கே இறங்குகிறது. முதலாவதில் காசல்ரீ, நோர்ட்டன்பிரிட்ஜ். இரண்டாவதில் மவுசாக்கலை, கெனியோன், லக்ஷபான. இவ்வளவு நீர்த்தேக்கங்களும் உங்கள் கூடாரத்துக்கு மேலே இருக்கின்றன. மேலே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் கூடுதலாக மழை கொட்டுகிற இடங்கள் உண்டு. அங்கே பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அடித்தால், லக்ஷபான வான்கதவு திறந்தது என்று இரவுச் செய்தியில் வரும். நீங்கள் கீழே கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். மழையே பெய்யாவிட்டாலும், மின்நிலையங்கள் விடுகிற தண்ணீரைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும். நாட்டின் மின்தேவை மாலை 6.30க்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது, அதாவது நீங்கள் அடுப்பு மூட்டும் நேரம். பகலில் நடந்து கடந்த நடுத்திட்டுக்கு இரவில் திரும்பி வர வழி இருக்காது.

ஏப்ரல் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுமுறையும் அப்போதுதான், இடைப்பருவ மழையும் அப்போதுதான். காலையில் கண்ணாடி மாதிரி வானம், இரண்டு மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடி. காலை வானத்தை நம்பி இடம் பிடிப்பவர்கள்தான் மாலையில் மாட்டுகிறார்கள்.

ஆகவே கூடாரத்தை இறக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று மரங்களைப் பாருங்கள். கிளையில் பொலித்தீன், வைக்கோல், பிளாஸ்டிக் போத்தல் தொங்குகிறதா? அதுதான் வெள்ளம் ஏறிய உயரம், கூடாரம் அதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். வெள்ளை மணல் திட்டு பார்க்கப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான் என்பதை மறந்துவிடுகிறோம். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள், அரை மணிக்கு ஒருக்கால் ரோச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மண்ணிறமாகினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ, சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? ஸ்பீக்கரை எடுக்கத் திரும்பிப் போனார்.

பக்கத்துத் தேநீர்க் கடை ஐயா "தம்பி, அங்க வேணாம்" என்றால் கேளுங்கள். ஊர்க்காரர் பயங்காட்டுகிறார் என்று சிரித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒருவர் மூழ்கிவிட்டால். குடித்துவிட்டு இறங்காதீர்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, விடுங்கள். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்தால் எங்களுக்கு இரண்டு பேர் வருவார்கள். கயிறு, சாரம், நீளமான மூங்கில், மூடிய வெற்றுப் போத்தல்கள் எது கிடைத்தாலும் எறியுங்கள், நீட்டுங்கள். வெளியே எடுத்த பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள்தான் போகும். அந்த மூன்று நிமிடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது காற்று. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, நாடியை (தாடையை) உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக, ஆழமாக 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி 30. உதவி வரும்வரை விடாதீர்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும், அது இலவசம். சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதைப் போய் இறங்கியவுடனேயே பார்த்து வையுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கில் பாதி இடத்தில் இருக்காது. எழும்பி உட்கார்ந்து பேசுகிறாரே என்று வீட்டுக்கும் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீர் குடித்து இருமுகிறவருக்குச் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சுத் திணறலாம், எங்களிடம் ஓர் இரவு இருக்கட்டும்.

விறகு பொறுக்கும்போது வெறுங்கையைச் சருகுக்குள் விடாதீர்கள். சிங்களத்தில் பொலன்தெலிஸ்ஸா என்கிற சிறிய விரியன் அங்கேதான் சுருண்டு கிடக்கும், நம் நாட்டில் கொடுக்கிற பாம்பு விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்வதில்லை, சிறுநீரகம் பழுதாகலாம். கரி அடுப்பைக் குளிருக்கென்று கூடாரத்துக்குள் கொண்டுபோய் சிப்பை இழுக்காதீர்கள், நச்சு வாயு வாசமே தராது. குளவிக் கூடு கண்ணில் பட்டால் அதன் கீழே புகை போடாதீர்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

அட்டைக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், காலில் ஏறும் அட்டை உண்மையில் பெரிய விஷயமில்லை. மூக்கில் ஏறுவதுதான். ஓடைத் தண்ணீரில் முகம் அமிழ்த்திக் குடித்த ஒரு சிறுமிக்கு இரண்டு வாரமாக ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்துகொண்டிருந்தது, சூடு என்று சொல்லி இளநீர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை மூக்குக்குக் கீழே பிடிக்கச் சொல்லிக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது, இடுக்கியால் பிடித்துவிட்டோம். அம்மாதான் மயங்கி விழுந்தார்.

ஆற்றோரமும் வேண்டும், பழமையும் வேண்டும், சின்னப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் பேராதனைப் பூங்காவுக்குப் போங்கள். மகாவலி மூன்று பக்கமும் வளைக்கிற 147 ஏக்கர், 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அரசவை வைத்த இடம். இரவு தங்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து கீறல் வழியாகத் தொற்றுகிற எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காட்டும், அதற்குள் ஆறே மறந்து போயிருக்கும். காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் உடனே வாருங்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், டெங்குவாகவும் இருக்கலாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இன்ன திகதி, இன்ன ஆற்றில் குளித்தோம், காலில் கீறல் இருந்தது. திகதி ஞாபகமில்லையென்றால் போனில் அந்த போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டுங்கள், அதில் இருக்கும்.