பனிக்கட்டி வாளிக்குள் போகக் கூடாத வெள்ளை ஒயின்

வெள்ளை ஒயினா? சில்லென்று இருக்க வேண்டும், இந்த ஆண்டுப் பாட்டிலாக இருக்க வேண்டும், கூட மீன் வேண்டும். உணவகத்தில் சோமெலியராக ஒயின் ஊற்றும் நான் தினமும் கேட்பது இதைத்தான். பெரும்பாலான வெள்ளை ஒயின்களுக்கு இதனால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலியின் திமொராசோவை இப்படிக் குடித்தால், கொடுத்த காசு வீண்.

பியெட்மாண்ட் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், தோர்த்தோனா நகரை ஒட்டிய குன்றுகளில் விளையும் திராட்சை இது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதன்பின் மறுநடவு செய்த இந்தப் பகுதி விவசாயிகள் கோர்தேசே ரகத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திமொராசோ கொடி படுத்தும் பாடு அப்படி. ஒரே குலையில் பழமும் இருக்கும், பட்டாணி அளவுக் காயும் இருக்கும். பழுத்தவை சட்டென்று உதிரும். ஈரம் கூடினால் அழுகல் வரும். கோர்தேசேயோ அதிகம் தொல்லை தராமல் நிறையக் காய்க்கும். 1980-களில் பழைய தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிசைகள்தான் மிச்சம். மோன்லெயாலே ஊரைச் சேர்ந்த வால்டர் மாசா 1987-இல் அந்தப் பழங்களை மட்டும் தனியே பிரித்து ஒயின் செய்து பார்த்தார். அக்கம்பக்கத்தார் அவரைப் பார்த்துத்தான் மறுபடி நட ஆரம்பித்தார்கள். கடையில் தேடும்போது கவனியுங்கள்: லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘தெர்தோனா’. தோர்த்தோனாவின் பழைய பெயர் அது.

இனி குளிர்ச்சி விஷயம். வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரி. அதிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் புளிப்பும் ஒரு மெல்லிய கசப்பும்தான் நாக்கில் படும், மணம் எழும்பாது. அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, 12 டிகிரி அளவில் அகன்ற கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். முதலில் பழுத்த பேரிக்காய், பிறகு தேன், காய்ந்த பூ, கடைசியில் வாயில் உப்புக்கல் தொட்டதுபோல ஒரு சுவை. மேசையில் யாராவது பனிக்கட்டி வாளி கேட்டால் கொண்டுவந்து வைப்பேன். பாட்டிலை மட்டும் வாளிக்குப் பக்கத்தில் வைப்பேன்.

வயது இன்னொரு சிக்கல். நான்கைந்து ஆண்டு கடந்த திமொராசோவில் மண்ணெண்ணெய் போன்ற வாடை வரும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைப் பழையதாகக் குடித்தவர்களுக்கு இது தெரிந்த வாடைதான். தெரியாதவர்கள் கெட்டுப்போச்சு என்று பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, பாட்டிலுக்குள் மெல்ல மெல்ல உருவாகும் ஒரு சேர்மத்தின் வேலை அது, குறை அல்ல. உண்மையான குறை வேறு மாதிரி இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. நிறம் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாடை வந்தால் காற்று புகுந்திருக்கிறது. அப்போது தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை.

சாப்பாட்டுக்கு வருவோம். மெல்லிய வெள்ளை மீனை இந்த ஒயின் அமுக்கிவிடும். வெள்ளை ஒயின் என்றாலும் இது இறைச்சிக்குத் தாங்கும்: வெண்ணெயில் புரட்டிய அக்னொலோத்தி (இறைச்சி அடைத்த பாஸ்தா), முயல் வறுவல், டூனா சாஸ் ஊற்றிய இளங்கன்று இறைச்சி, போர்சினி காளான் என்று பியெட்மாண்ட் சமையலே இதற்குத் தோதாக அமைந்தது. எனக்குப் பிடித்தது மோன்தெபோரே சீஸ். பசும்பாலும் செம்மறியாட்டுப் பாலும் கலந்து, வட்டங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிச் செய்வார்கள். அதுவும் இதே பகுதியில் ஏறக்குறைய மறைந்துபோய் மீட்கப்பட்டதுதான். சீஸின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வழித்தெடுக்கும், அடுத்த துண்டுக்கு நாக்கு தயாராகிவிடும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

ஆல்கஹால் என்றதும் ஒன்று. நிறம் வெளிறி இருப்பதால் லேசான ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் 14 சதவீதம் சாதாரணம். அப்படியானால் 150 மி.லி. ஊற்றிய ஒரு கிளாஸில் சுமார் 16.5 கிராம் தூய ஆல்கஹால். 10 கிராம் ஆல்கஹாலை மதுவின் ஓர் அளவு என்று கணக்கிட்டால், ஒரு கிளாஸே ஒன்றரை அளவைத் தாண்டிவிடுகிறது. வண்டி ஓட்ட வேண்டியவர், மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி என்றால் நான் ஊற்றுவதில்லை.

இரண்டு பேர் ஒரே வேளையில் பாட்டிலைக் காலி செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இளம் பாட்டிலாக இருந்தால், காற்று பட்டு இறுக்கம் தளர்ந்து மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும்.