யானைக்குக் களி ஊட்டும் யாப்பு

தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரிப் பக்கம் ராகி முற்றும் நாட்களில் யானைக்குப் பயந்து பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். விடிந்ததும் ராத்திரிக் கதை ஊரைச் சுற்றும். வாய்க்கு வாய் யானையும் ஒரு சுற்று பெருக்கும். அந்தப் பேச்சுப் போக்கிலேயே இந்தக் கட்டுரைக்காக நாலு வரி கட்டினேன்:

காட்டை விட்டு யானை வந்ததாம்
தோட்டம் பூரா தின்று தீர்த்ததாம்
வீட்டுக் களியை மோந்து பார்த்ததாம்
"ஊட்டி விடுங்க" என்று நின்றதாம்!

சத்தமாகச் சொன்னால் தாளம் தானாக விழும். காரணம் அசை, அதாவது சொல்லை ஒலிக்கும்போது பிரியும் சிறு துண்டு. குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும், ஒற்றோடு (புள்ளி வைத்த எழுத்தோடு) வந்தாலும் நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலை அடுத்து நெடில் சேர்ந்து வந்தால் நிரையசை. பின்னால் ஒற்று வந்தாலும் அதுவே. அசைகள் சேர்ந்தால் சீர். 'காட்/டை' நேர் நேர், அந்தச் சீருக்குப் பெயர் தேமா. 'வந்/ததாம்' நேர் நிரை, கூவிளம். முதல் இரண்டு அடியிலும் மூன்று தேமா, ஒரு கூவிளம். அடுத்த இரண்டு அடியில் இரண்டாம் சீர் மட்டும் மாறுகிறது: 'களி/யை', 'விடுங்/க' இரண்டும் நிரை நேர், புளிமா. களி வந்ததும் நடை கொஞ்சம் துள்ளுகிறது. (வெண்பாப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அங்கே தேமா, புளிமா என்ற மாச்சீருக்கு அடுத்து நிரை வர வேண்டும். இங்கே பெரும்பாலும் நேர்தான். இது வெண்பா இல்லை, விடுங்கள்.)

எதுகைக்கு வருவோம், அதாவது அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. காட்டை, தோட்டம், வீட்டு, ஊட்டி: நான்கிலும் இரண்டாம் எழுத்து 'ட்'. இந்தச் சொற்களை மட்டும் படித்தாலே யானை வந்த வழி தெரியும். ஆனால் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. 'வீட்டு' இருந்த இடத்தில் 'சட்டி' போட்டுப் பாருங்கள்: "சட்டிக் களியை மோந்து பார்த்ததாம்." சீர் தேமாதான், 'ட்' அப்படியே இருக்கிறது, ஆனாலும் காதுக்கு இடிக்கிறது. மற்ற மூன்றும் நெடிலில் தொடங்க, 'ச' மட்டும் குறில். எதுகையில் முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்று யாப்பிலக்கணம் சொல்வது இதனால்தான்.

சிரிப்புக்குப் பெரும்பங்கு இயைபுடையது, அதாவது அடிக்கடைசி ஒலி ஒன்றிவருவது. 'தாம்' நான்கு முறை விழுகிறது. மூன்றாவது அடிக்குள் காது பழகிவிடும். நான்காவதையும் அதே ஒலியில் எதிர்பார்க்கும். ஒலி எதிர்பார்த்தபடியே வருகிறது, சேதிதான் கோணலாக வருகிறது. கடைசிச் சொல்லைக் 'கேட்டது' என்று மாற்றினால் 'கேட்/டது' கூவிளம்தான், அசைக்கணக்கில் குறையே இல்லை. ஆனால் பாட்டு பாதிப் படியில் நின்றுவிடும். போதாததற்கு, 'ஆம்' போனதும் ஊர்வம்பு வாடையும் போய்விடும். பரணில் தூங்கியவர் சொல்லும் கதைக்கு 'ஆம்' இல்லாமல் எப்படி?

யாப்புக்கு எட்டாத ஒன்றும் இதில் உண்டு. "ஊட்டி விடு" என்றால் ஓர் அசை குறைந்து நடை தடுக்கும். "ஊட்டி விடுடா" என்றால் 'விடு/டா', மறுபடி புளிமா, கணக்கு கச்சிதம். ஆனால் மரியாதையாகக் கைநீட்டிய யானை போய், வாசலில் ஒரு ரவுடி நிற்கும்.