சர்வைவல் என்றால் உயிர்வாழ்தல் அல்ல

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் போன ஞாயிறு பிள்ளைகளுக்கு ஒரு அனிமேஷன் படம் போட்டார்கள். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டுவதிலேயே சண்டையும் சிரிப்புமாக முதல் பாதி ஓடுகிறது. அப்புறம் வண்டி காட்டுக்குள் கவிழ்ந்துவிட, தண்ணீர் தேடுவது, நெருப்பு மூட்டுவது, சிறுத்தைக்குப் பயந்து மரமேறுவது என்று மீதிப் படம். வாசல் பலகையில் ‘காட்டில் உயிர்வாழும் குடும்பம்’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. அதைப் படித்த பையன் ஒருவன் என்னிடம், “அவங்க வூடே காட்லதானாண்ணா?” என்று கேட்டான்.

பலகையில் இருந்த தமிழுக்கு அதுதான் பொருள். அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

எழுதியவர் சொல்ல நினைத்தது ஆங்கிலத்தின் ‘சர்வைவல்’. அந்தச் சொல்லின் மூலம் லத்தீன். ‘சூப்பர்’ என்றால் கடந்து, ‘வீவெரே’ என்றால் வாழ்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றைக் கடந்தும் உயிரோடு இருப்பது என்று பொருள். ‘உயிர்வாழ்தல்’ என்று எழுதுகிறவர்கள் பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, ‘கடந்து’ என்பதைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லின் உயிரே அந்த முன்பாதிதான்.

தமிழில் ‘வாழ்’ என்பது கனமான சொல். ‘வாழ்க’ என்று வாழ்த்துகிறோம், ‘வாழ்ந்து கெட்டவர்’ என்கிறோம். செழிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்று நாள் கிழங்கைத் தின்று மரக்கிளையில் தூங்கியதை யாராவது வாழ்ந்தது என்பார்களா? காசிமேட்டில் எஞ்சின் நின்று போய், படகு நடுக்கடலில் நாள்கணக்கில் அலைந்து கரை சேர்ந்தால், “பொழச்சு வந்துட்டாங்கப்பா” என்றுதான் பேச்சு. பொழச்சு, அதாவது பிழைத்து. சொல் நம் வாயிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னால் இரண்டு தடை வரும். ‘பிழைப்பு’ என்றால் வயிற்றுப்பாடு ஆயிற்றே என்பது ஒன்று. உண்மைதான், அதனால்தான் ‘உயிர் பிழைத்தல்’ என்று உயிரைச் சேர்த்துச் சொல்கிறோம், குழப்பம் போய்விடும். இன்னொன்று, பிழை என்றால் தவறுதானே என்பது. இதில்தான் எனக்குத் தமிழ் மேல் ஆசை கூடுகிறது. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்கிறது 772-ஆம் குறள். யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல் அது. வேலுக்குப் பிழை, யானைக்குப் பிழைப்பு. ‘தப்பு’ம் இப்படித்தான்: தப்பு செய்தான், தப்பி வந்தான். குறி தவறுவதும் உயிர் மிஞ்சுவதும் ஒரே சொல்லில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘உய்வு’தான் வேண்டும் என்கிறார். ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’ என்று படித்தவன்தான் நானும். தப்பிப் பிழைப்பதைச் சொல்லும் அழகான சொல். ஆனால் பக்திப் பாடல்களில் அது கடைத்தேறுவதற்கும் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு உரை சொல்லாமல் புரியாது. பிழைத்தலும் குறளில் உள்ள அதே பழைய தமிழ்தான், தெருவிலும் உயிரோடிருக்கிறது. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? செய்தித்தாளில் வரும் ‘உயிர் தப்பினர்’ நொடியில் நடப்பது. பேருந்து மோதாமல் விலகினால் உயிர் தப்பினோம். நாள்கணக்கில் போராடினால் அது பிழைப்பதுதான். 1864-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதிய ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’ என்ற தொடரைத் தமிழில் ‘தக்கன பிழைக்கும்’ என்று நன்றாகவே சொன்னவர்கள் உண்டு. அதை ‘வலியது வாழும்’ என்று கெடுத்தவர்களும் உண்டு; தக்கது வேறு, வலியது வேறு.

டப்பிங் எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். அந்தப் படத்தில் ஆற்று வெள்ளத்தில் மகளைப் பிடித்துக்கொண்டு அப்பா கத்துகிறார்: “நாம் உயிர்வாழ்ந்தே ஆக வேண்டும்!” எந்த அப்பா அப்படிக் கத்துவார்? “விடாத கண்ணு, பொழைச்சிடலாம்” என்று ஒரு வரி போதும். அகராதியைத் திறந்த கையோடு, எழுதியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பலகையை நானே அழித்து ‘காட்டில் உயிர் பிழைத்த குடும்பம்’ என்று எழுதினேன். பையன் விடவில்லை. “முடிவ சொல்லிட்டீங்களேண்ணா” என்றான். ‘பிழைத்த’வை அழித்துவிட்டு, ‘பிழைக்கப் போராடும்’ என்று மாற்றினேன்.