உப்புத் தண்ணீர், லாரி, கரண்டுக் கம்பி: காண்டாமிருகத்துக்கும் இதே சாவுதான்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் பதினெட்டு வருஷமாக மாட்டு டாக்டராக இருக்கிறேன். இன்சூரன்ஸ் படிவத்தில் இறப்புக்கான காரணம் 'விபத்து' என்று எழுதும்போது மட்டும் கை ஒரு நொடி நிற்கும். தரைக் கிணற்றில் விழுந்த மாடு விபத்து, லாரி அடித்த மாடு விபத்து, காட்டுப்பன்றிக்கு வைத்த கரண்டில் மாட்டியதும் விபத்து. இன்சூரன்ஸ் செய்த மாட்டின் காதில் குத்தியிருக்கும் எண் போட்ட தோட்டை எடுத்து உறையில் போட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கிணற்றுக்கு ஏன் சுவர் இல்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இதில் காண்டாமிருகம் எங்கே வந்தது என்கிறீர்களா? போன மாதம் குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "காண்டாமிருகம் எதனால் சாகும்?" என்று கேட்டேன். "சுட்டுடுவாங்க சார், கொம்புக்கு" என்று மொத்த வகுப்பும் கத்தியது. தப்பில்லை. ஆனால் 2022-இல் அசாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டைக்குப் பலியாகவில்லை. அதற்கு முந்தைய வருஷம், செப்டம்பர் 22 அன்று, போகாகாட்டில் அரசாங்கமே 2,479 கொம்புகளைக் குவித்துத் தீ வைத்தது. கடத்தல்காரர்களிடம் பிடித்தவை அதில் உண்டு, காட்டுக்குள் தானாகச் செத்தவற்றிடமிருந்து எடுத்துப் பல வருஷம் கருவூலத்தில் வைத்திருந்தவையும் ஏராளம். இந்த 'தானாக' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

அசாமின் காசிரங்காப் பூங்காவில் ஒரு எமன் வெள்ளம். பிரம்மபுத்திரா வருஷா வருஷம் ஏறும், ஏறினால்தான் அந்தப் புல்வெளியும் ஏரிகளும் உயிரோடு இருக்கும், அதைக் குறை சொல்வதற்கில்லை. பெரிய காண்டாமிருகம் நன்றாகவே நீந்தும். குட்டி தாயிடமிருந்து பிரிந்தால் போச்சு. அப்படி ஒதுங்கும் குட்டிகளுக்குப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்க்க 2002-இலிருந்து அங்கே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது, வளர்ந்தவற்றை மானஸ் காட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பொறாமை வரவழைக்கிற வேலை அது!

வெள்ளத்துக்குத் தப்பியவை மேட்டைத் தேடித் தெற்கே கர்பி ஆங்லாங் மலைப்பக்கம் போக வேண்டும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. 2022 அக்டோபரில் ஹல்திபாரியில் ஒரு காண்டாமிருகம் லாரியில் மோதியதை அசாம் முதல்வரே வீடியோவாகப் போட்டார், பலர் பார்த்திருப்பீர்கள்: விழுகிறது, எழுகிறது, தடுமாறியபடி காட்டுக்குள் திரும்புகிறது. அது பிழைத்தது என்றே சொன்னார்கள், நல்லது. ஆனால் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்ட மாடுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்த நடை பயத்தைத்தான் கொடுக்கும். "எழுந்து நடந்துடுச்சு சார், ஒண்ணும் இல்ல" என்பார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிவது வெளியே தெரியாது, மறுநாள் விடியற்காலை போன் வரும். எழுந்து நடந்தாலும் ஈறு வெளுத்திருக்கிறதா என்று ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள். வெளுத்திருந்தால் காத்திருக்காதீர்கள். காசிரங்காவில் வெள்ளக் காலத்தில் வண்டிகளுக்கு நேரம் குறித்த அட்டை கொடுக்கிறார்கள், அடுத்த முனைக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்தால் அபராதம். நம் சாலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேபாளத்தின் சித்வன் பக்கம் வயல் வேலியில் மாட்டிக் காண்டாமிருகங்கள் செத்திருக்கின்றன. இங்கே தர்மபுரி மாரண்டஹள்ளியில் 2023 மார்ச்சில் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. பேர்ணாம்பட்டு எல்லையில் கொல்லை வைத்திருப்பவர்களுக்குப் பன்றித் தொல்லை எவ்வளவு என்று எனக்கும் தெரியும். அதற்காக வேலியில் நேரடியாகக் கரண்டு விட்டால், பன்றிக்கு முன்னால் அதைத் தொடப்போவது உங்கள் மாடு, இல்லை நீங்கள்.

ஆனால் என்னை விடாமல் துரத்துவது கென்யக் கதைதான். 2018-இல் நைரோபியிலிருந்தும் நகுரு ஏரிப் பூங்காவிலிருந்தும் 11 கறுப்புக் காண்டாமிருகங்களை சாவோ கிழக்குப் பூங்காவுக்கு மாற்றினார்கள். பாதுகாக்கத்தான் மாற்றினார்கள். மயக்க ஊசி, பயணம் என்று ஆபத்தான கட்டமெல்லாம் தாண்டியாயிற்று. புது இடத்து அடைப்பில் அவற்றுக்குக் கிடைத்ததோ உப்பு மிகுந்த நிலத்தடி நீர். உப்பு ரத்தத்தில் ஏற ஏறத் தாகம் கூடும், கூடினால் இன்னும் குடிக்கும், குடித்தால் இன்னும் உப்பு. பத்து இப்படியே செத்தன. பதினோராவதைச் சிங்கம் தாக்கியது, அதுவும் பிழைக்கவில்லை. வேட்டைக்காரன் ஒருத்தன்கூடக் கிட்டே வரவில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி போதுமானதாக இருந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுதான் கண்ணில் வந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள், தோல் பதனிடும் டேனரியில் ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு போகும், ஆற்றோரக் கிணறுகள் பல உப்புக் கரித்துப்போன கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சித்திரை மாதம் அந்த ஊர்ப் பெரியவர் வீட்டில் நல்ல தண்ணீர் மோட்டார் இரண்டு நாள் ஓடவில்லை. மாடுகள் காய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் கைவிட்ட பழைய கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டி நிறைய ஊற்றிவிட்டார். மறுநாள் காலை ஒரு கறவை மாடு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, கண் தெரியவில்லை, பின்னங்கால் பின்னுகிறது. "பாம்பு கடிச்சிருக்கும் சார், கட்டுத்தறி ஓரமா புத்து இருக்குது" என்றார். நான் பாம்பை விட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டேன்.

அந்த மாடு சாயங்காலமே வலிப்பு வந்து போய்விட்டது. பக்கத்தில் கட்டியிருந்த கிடாரி லேசாகத்தான் தள்ளாடியது. பதறிப்போய் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றப் போனார், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: உப்பேறிய மாட்டுக்கும், நாள்கணக்கில் தண்ணீர் காணாத மாட்டுக்கும், ஒரே மூச்சில் வயிறு முட்டக் கொடுத்தால் மூளை வீங்கிச் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுத்துக்கொண்டே டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்படித்தான் கொடுத்தோம், கிடாரி பிழைத்தது, அடுத்த வருஷம் கன்று போட்டது.

"மாடே குடிக்குதே சார், கெட்ட தண்ணின்னா குடிக்குமா?" என்று பெரியவர் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. தாகத்தில் எதையும் குடிக்கும். கென்யாவில் அந்த காண்டாமிருகங்களும் அதைத்தானே செய்தன.

செத்த மாட்டுக்குத் தோடு இருந்தது. படிவத்தில் 'உப்பு நச்சு, தண்ணீர்த் தொட்டி' என்று எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. நோயா, விபத்தா, இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பவும் என்று பென்சிலில் ஒரு குறிப்பு.