ஸ்லிம் ஜுவல் கேஸ்: ஒல்லி வட்டுக்கூடு

சீடி வைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ஜுவல் கேஸ் என்று பெயர். 1982 அக்டோபரில் ஜப்பானில் சீடி விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே அது உண்டு. பிலிப்ஸுக்காக வடிவமைத்தவர் பீட்டர் டூட்சன். அதன் தடிமன் சுமார் 10 மில்லிமீட்டர். பாதித் தடிமனில், மலிவாக வருவதுதான் ஸ்லிம் ஜுவல் கேஸ்.

சீடிக்கு முன்பு ஜுவல் கேஸ் என்றால் நகைப்பெட்டிதான். 'ஜுவல்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். விளையாட்டு, வேடிக்கை என்று பொருள்படும் 'யோக்குஸ்' என்ற லத்தீன் சொல்லே அதன் வேர் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். நம்முடைய 'நகை'யைப் பாருங்கள்: சிரிப்பும் அதுதான், அணிகலனும் அதுதான். இரு சொற்களுக்கும் உறவு கிடையாது. இருந்தும் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

'கேஸ்' லத்தீனின் 'காப்ஸா'. ரோமானியர் ஏட்டுச் சுருள்களைப் போட்டுவைத்த உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். சின்னப் பெட்டி என்று பொருள்படும் 'கேசட்'டும் இதே வேரில் பிறந்ததுதான். அதை 'ஒலிப்பேழை' என்று தமிழாக்கியவர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். 'ஸ்லிம்' டச்சிலிருந்து வந்தது.

பெரிய பெட்டியில் மூடி, அடிப்பாகம், நடுவில் வட்டைப் பிடிக்கும் தட்டு என மூன்று துண்டுகள். தட்டுக்கு அடியில் தாள் செருகலாம்; அதன் மடிப்பு ஓரத்தில் தெரிவதால் அலமாரியில் அடுக்கினாலும் பெயரைப் படிக்கலாம். ஒல்லியானதில் அந்தத் தட்டு இல்லை. வட்டைக் கவ்வும் பற்கள் அடிப்பாகத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் குறைவு, அதனால் விலையும் குறைவு. ஆனால் ஓரத்தில் பெயர் எழுத இடமில்லை. எங்கள் வீட்டுக் கல்யாண சீடிகள் இப்படித்தான் இருக்கின்றன. முகூர்த்தம் எது, வரவேற்பு எது என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து, வட்டின் மேல் மார்க்கரில் எழுதியதைப் பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வட்டுக்குக் குறுந்தகடு, குறுவட்டு, இலங்கையில் இறுவட்டு என்று சொற்கள் உண்டு. பெட்டிக்குத்தான் குழப்பம். 'உறை' காகிதக் கவருக்குப் போய்விட்டது. 'செப்பு' அழகான சொல். 'செப்பின் புணர்ச்சிபோல்' என்று குறள் (887) சொல்வது, ஒன்றுபோலப் பொருந்தியும் தனியே கழன்றுவிடும் மூடியை. இங்கே மூடி கீலில் தொங்குகிறது. மூக்குக் கண்ணாடி வைப்பதைக் கண்ணாடிக்கூடு என்கிறோம். அதுவும் கீலில் திறப்பதுதான், உள்ளிருப்பது கீறாமல் காப்பதுதான். ஆகவே ஜுவல் கேஸ் 'வட்டுக்கூடு', ஸ்லிம் 'ஒல்லி வட்டுக்கூடு'. 'மெல்லிய கூடு' என்றால் வளையும் பாலிப்ரொப்பிலீன் உறையோ என்று தோன்றிவிடும். ஒல்லிக்கூடு பெரும்பாலும் பாலிஸ்டைரீன், வளையாது, உடையும். வட்டை எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். நடுப்பற்களை விரலால் அழுத்தினால் தானே எழும்பி வரும்.