பூட்டிய பாரும் நிறைந்த கூடும்

கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா தீவின் மேற்குக் கரையில் சூஃப்ரியேர் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்திலேயே இரண்டு பிட்டன் மலைகள், கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பவை. மலை எப்படிச் செங்குத்தோ, கடலடியும் அப்படித்தான். கொஞ்சம் தள்ளிப்போனாலே ஆழம். பவளப்பார் கரையை ஒட்டி ஒரு ஒடுக்கமான பட்டைதான்.

அந்தப் பட்டைக்குத்தான் அத்தனை சண்டையும். கரைவலை வளைக்கிற இடத்தில் உல்லாசப் படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. முக்குளிக்க வருபவர்கள் மீன்கூட்டை, அதாவது மீன் நுழைந்து சிக்கிக்கொள்ளக் கடலடியில் இறக்கும் பொறியை, அறுத்துவிடுகிறார்கள் என்றார்கள் மீனவர்கள். கூடுதான் பவளத்தை உடைக்கிறது என்றார்கள் முக்குளிப்பவர்கள். 1992இல் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசத் தொடங்கி, 1995இல் 11 கிலோமீட்டர் கரையை வகுத்தார்கள்: இது வலைக்கு, இது படகு நிறுத்த, இங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. பார் மீன்பிடி இடத்தில் சுமார் 35 சதவீதம் பூட்டப்பட்டது.

இடம் குறைந்தால் பிடியும் குறையும் என்றுதானே நினைப்போம்? ஐந்தே ஆண்டில் நடந்ததை கடல் ஆய்வாளர் கேலம் ராபர்ட்ஸ் குழுவினர் 2001இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பூட்டிய இடத்துக்கு வெளியே, இரை வைக்காமல் ராத்தங்க விடும் பெரிய கூட்டில் பிடி 46 சதவீதம் கூடியிருந்தது. இரை வைத்து ஓரிரு மணி நேரத்தில் தூக்கும் சிறிய கூட்டில் 90 சதவீதம்.

எப்படி? முதல் காரணம் முட்டை. மீனின் நீளம் கொஞ்சம் கூடினால் முட்டை பல மடங்கு கூடும். அட்லாண்டிக்கின் சிவப்புச் சங்கராவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 61 செ.மீ. நீளப் பெண் மீன் ஒன்று, 42 செ.மீ. மீன்கள் 212 சேர்ந்து இடும் அளவு முட்டை இடும். கூட்டில் முதலில் சிக்கிக் காலியாவது இந்தப் பெரிய தாய்மீன்தான். குஞ்சைப் பிடிக்காதே என்கிறோம், சரிதான். தாயை யார் காப்பது? பூட்டிய பாரில் அவை வயதாகி, பெருத்து, முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேர்கின்றன.

இரண்டாவது, வழிதல். உள்ளே நெருக்கடி கூடினால் மீன் ஓரத்துக்கு வரும். பகலெல்லாம் பாரில் ஒதுங்கிக் கிடந்து, இருட்டியதும் மணல்வெளிக்கு மேயப் போகும் இனங்கள் பல. கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. ராத்தங்கும் கூடு கோட்டுக்கு வெளியே காத்திருக்கிறது.

மூன்றாவது, கிளிமீன். 1983-84இல் ஏதோ நோய் வந்து கரீபியன் முழுவதும் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பாரில் பாசியைச் சுரண்டித் தின்று அவை செய்துவந்த வேலை கிளிமீன் தலையில் விழுந்தது. அதையும் பிடித்துவிட்டால் பாசி மூடி, புதுப் பவளம் ஒட்ட இடமிருக்காது.

செலவுக்கு? படகுகள் இப்போது பவளத்தில் நங்கூரம் வீசுவதில்லை. மிதவையில் கட்டிக் கட்டணம் தருகின்றன. முக்குளிப்பவர்களும் தருகிறார்கள். காவல் படகு ஓடுவது அந்தப் பணத்தில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் பெருக வருடங்கள் ஆகும். அடுப்பு இன்றைக்கே எரிய வேண்டும். தூரம் போக முடியாத வயதான கூட்டு மீனவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். அவர்கள் குரல் எழுப்பிய பிறகு, ஓராண்டுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அதைக் கோடு போட்ட அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும்.

கடலைப் பூட்டலாம், மலையைப் பூட்ட முடியாது. பெருமழையில் மேட்டு நிலங்களின் மண் ஆற்றோடு வந்து பவளத்தின் மேல் படிகிறது. 1999 நவம்பரில் லெனி புயல், வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து வந்து இந்தக் கரையை மோதியது. அலை உடைத்த பவளத்துக்கு, பூட்டிய பார் எது, பூட்டாதது எது என்ற வித்தியாசம் இருக்கவில்லை.