ஸ்கான் திரையில் வெளுக்கும் ஈரல்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற ஐயத்தில் ஸ்கான் எடுக்கப் போனவர், 'ஃபற்றி லிவர், கிரேட் 1' என்று எழுதிய அறிக்கையோடு திரும்புவது திருகோணமலையில் இப்போது வழமையாகிவிட்டது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகரத்துக்கு வந்து கிளினிக் வரிசையில் காத்திருப்போரிற் பலர் அந்த இலக்கத்தை நோயின் கடுமை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது சொல்வது திரையில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதை மட்டுமே.

ஈரற் கலங்களில் நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அது ஃபற்றி லிவர், அதாவது கொழுப்பு ஈரல் எனப்படும். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் அத்துளிகளைத் தனித்தனியே காண்பதில்லை. அவற்றால் ஒலி எவ்வாறு சிதறுகிறது என்பதையே காட்டுகிறது. கொட்பே துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் படகுகளில் மீன் கூட்டம் தேடும் கருவி, கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து ஆழத்தையும் அதன் வலிமையிலிருந்து கீழே இருப்பது என்னவென்பதையும் ஊகிக்கிறது. ஸ்கான் கருவியும் அதே விதிப்படிதான் இயங்குகிறது. உடல் இழையத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் செல்லும் என்ற கணக்கை வைத்து, ஒவ்வொரு எதிரொலியும் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்ததென அது திரையில் குறிக்கிறது.

நோயாளி மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்திருக்க, ஜெல் பூசிய கருவிமுனை வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே நகர்கிறது. ஈரலும் வலச் சிறுநீரகமும் ஒரே படத்தில் அருகருகே விழும் இடத்தையே பரிசோதிப்பவர் தேடுகிறார். திரையின் பிரகாசத்தை ஒரு குமிழைத் திருப்பிக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதால், ஈரலின் நிறத்தைத் தனியே பார்த்து எதையும் சொல்ல இயலாது. ஒப்பிட ஓர் அயலவர் வேண்டும். நலமான உடலில் ஈரலும் சிறுநீரகத்தின் புறப்பகுதியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். ஈரலில் கொழுப்பு ஏறும்போது நுண்ணிய துளிகள் ஒலியைச் சிதறடித்து மிகுதியான எதிரொலிகளைத் திருப்பி அனுப்புவதால் ஈரல் வெளுக்கிறது, பக்கத்துச் சிறுநீரகம் கறுத்துத் தெரிகிறது. வெளுப்பு மட்டும் இருந்தால் முதலாம் கிரேட். குருதிக் குழாய்களின் சுவர்கள் மங்கினால் இரண்டாம் கிரேட். ஒலி ஆழத்துக்குச் சென்று சேராமல், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடும் ஈரலின் பின்பகுதியும் மறைந்தால் மூன்றாம் கிரேட்.

கம்பஹா மாவட்டத்தின் ராகமையில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வும் இவ்வகை அடையாளங்கள் மூன்றில் இரண்டு இருந்தாலே கொழுப்பு ஈரல் எனக் கொண்டது. அந்நகரப் பகுதியில் ஆராயப்பட்ட வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு, மதுப் பழக்கத்தால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. இந்த முறையின் குறைகளும் வெளிப்படையானவை. கொழுப்பு நூற்றுக்கு 20 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் தப்பிவிடும். நாட்பட்ட சிறுநீரக நோயில் சிறுநீரகமே வெளுத்துப்போவதால் ஒப்பீடு பிழைக்கும். அந்நோய் பரவலாகக் காணப்படும் பதவிசிறிபுர போன்ற பகுதிகள் நம் மாவட்டத்திலேயே இருப்பதால், இது ஏட்டளவில் நிற்கும் எச்சரிக்கை அல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு மண்ணீரலோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

சி.ரி. ஸ்கான் எக்ஸ் கதிரை இழையம் எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கிறது. நீருக்கு 0, கொழுப்புக்கு ஏறத்தாழ −100 என்ற அந்த அளவுகோலில் நலமான ஈரல் 50 முதல் 65 வரை நிற்கும். 40 இற்குக் கீழே இறங்கினால் கொழுப்பு கணிசமாக உண்டு எனலாம். ஆயினும் இதற்காக மட்டும் ஒருவரைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது தேவையற்றது.

துல்லியமானது எம்.ஆர்.ஐ. முறையே. காந்தப்புலத்தில் நீரிலுள்ள ஐதரசன் கருக்களும் கொழுப்பிலுள்ளவையும் சற்றே வேறுபட்ட கதியில் சுழல்கின்றன, 1.5 ரெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்தில் அந்த வேறுபாடு செக்கனுக்கு ஏறத்தாழ 220 சுற்றுகள். ஆகவே சமிக்ஞை புறப்பட்டு 2.3 மில்லிசெக்கனில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று குறைக்கின்றன, 4.6 மில்லிசெக்கனில் மீண்டும் சேர்ந்து வலுப்படுகின்றன. இரு கணங்களிலும் படமெடுத்து ஒப்பிட்டால், முதற்படத்தில் ஈரல் கறுத்த அளவிலிருந்து கொழுப்பின் வீதத்தையே கணக்கிடலாம். அல்ட்ராசவுண்ட் தவறவிடும் சிறிய அளவும் இதில் அகப்படும். செலவும் காத்திருப்பும் இல்லையென்றால் எல்லோருக்கும் இதையே பரிந்துரைக்கலாம்.

இவை யாவும் கொழுப்பைப் பற்றியவை. ஈரலைக் காலப்போக்கில் கெடுப்பது அதனால் உண்டாகும் அழற்சியும், அது விட்டுச்செல்லும் தழும்பும். முதலாம் கிரேட் ஈரலில் தழும்பு முற்றியிருக்கலாம். மூன்றாம் கிரேட் ஈரலில் அது அறவே இல்லாமலும் இருக்கலாம். தழும்பேறிய இழையம் விறைப்பாக இருக்கும் என்பதால், விலா எலும்புகளுக்கிடையே மெல்லத் தட்டி, அந்த அதிர்வலை ஈரலுக்குள் ஓடும் வேகத்தை ஃபைப்ரோஸ்கான் கருவி அளக்கிறது. விறைப்பு கூடினால் வேகமும் கூடும். அந்த வேகத்திலிருந்து கணிக்கும் விறைப்பு 8 கிலோபஸ்கலுக்குக் குறைந்தால் முற்றிய தழும்பு இருப்பது அரிது. உணவு உண்டபின் ஈரலுக்குக் குருதி மிகுந்து விறைப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், குறைந்தது 3 மணித்தியாலம் வெறுவயிற்றோடு செல்ல வேண்டும்.

அந்தக் கருவி அருகில் இல்லாதபோது, வழக்கமான குருதிப் பரிசோதனையிலிருந்தே ஃபிப்-4 என்னும் எண்ணைக் கணிக்கலாம். ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. என்பவை ஈரல் நொதிகள். வயதை ஏ.எஸ்.ரி. அளவால் பெருக்கி, வந்ததை, ஆயிரத்தில் எடுத்த குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையை ஏ.எல்.ரி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 48 வயது, ஏ.எஸ்.ரி. 40, ஏ.எல்.ரி. 64, சிறுதட்டுகள் 250 ஆயிரம் எனில் 1920 ஐ 2000 ஆல் வகுக்க 0.96 வரும், 1.3 இற்குக் கீழே என்பதால் முற்றிய தழும்புக்கான வாய்ப்புக் குறைவு. 60 வயதில் ஏ.எஸ்.ரி. 72 ஆகவும் ஏ.எல்.ரி. 64 ஆகவும் இருந்து, சிறுதட்டுகள் 180 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தால் விடை 3. அவருடைய ஸ்கான் அறிக்கையில் முதலாம் கிரேட் என்றே இருந்தாலும், அவரை ஈரல் நோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.